பெயின்ட் கடைசியில்தான்

"என்ன கலர் அடிக்கப் போறீங்க?" கராஜுக்குள் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். என்னுடைய 1978 ஃபியட் 124 ஸ்பைடர் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகிவிட்டது, ஆனால் இன்னும் அதே வெளுத்துப்போன மஞ்சளில்தான் இருக்கிறது, பானெட்டில் ஒரு ஓரம் பிரைமர் தெரிகிறது, டிரைவர் பக்கக் கதவில் யாரோ எப்போதோ பட்டி பார்த்த இடம் வெயிலில் தனியாகத் தெரிகிறது. வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டிலேயே சரிசெய்ய நினைக்கிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: முதலில் தகரம், அப்புறம் பிரேக், அப்புறம் எஞ்சின், அப்புறம் வயரிங். பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி. எக்காரணம் கொண்டும் முழு வண்டியையும் ஒரே மூச்சில் கழற்றிப் போடாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். பழைய இத்தாலியக் கார்களைத் தேடிப் போனால் இங்கே திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒரே காட்சிதான். சக்கரம் இல்லாத கூடு ஒரு மூலையில், அதன் பாகங்கள் பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டிகளில், பெட்டி மேல் மார்க்கரில் எழுதியது பாதி அழிந்திருக்கும். யாரோ ஒருவர் ஆசை ஆசையாகக் கடைசி நட்டு வரை கழற்றி, கூட்டை மணல் அடித்துச் சுத்தம் செய்து, நல்ல பெயின்ட்டும் அடித்திருப்பார். அதோடு கைக்காசு தீர்ந்திருக்கும், இல்லையென்றால் குழந்தை பிறந்திருக்கும், வேலை மாறியிருக்கும். கழற்றியவர் தலையில் இருந்த வரைபடம் அவரோடு போய்விடுகிறது. எந்த போல்ட் எங்கே போகும் என்று கண்டுபிடிப்பதிலேயே அடுத்து வாங்குகிறவரின் ஆர்வம் வடிந்துவிடும். ஓடாமல் நிற்கிற வண்டி மேல் யாருக்கும் ரொம்ப நாள் பாசம் நிற்பதில்லை. அதனால்தான் ஒரு பகுதியை எடுத்தால் அதை முடித்து மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும் என்கிறேன். எப்படியாவது வண்டி சீக்கிரம் தன் காலில் நகர வேண்டும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 124 ஸ்பைடர் 1966-ல் இத்தாலியில் தூரின் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 1985 வரை தயாரானது. கிட்டத்தட்ட 2 லட்சம் வண்டிகள், அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குத்தான் வந்தது. உடலை வரைந்தவர் பினின்ஃபாரினா என்கிற இத்தாலியக் கார் வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்த டாம் ஜார்டா. இத்தாலியக் கைவண்ணம் என்று எல்லோரும் கொண்டாடுகிற இந்தக் காரை வரைந்த மனிதர் பிறந்தது டெட்ராய்ட்டில், கட்டடக்கலை படித்தது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். அங்கிருந்து தூரினுக்குப் போய் அங்கேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். 1963-ல் அவர் கொர்வெட் என்கிற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் அடித்தளத்தில் வரைந்த ரோன்டினே என்கிற மாதிரிக் காரின் படத்தைப் பார்த்தீர்கள் என்றால் ஸ்பைடரின் பின்பக்கம் எங்கிருந்து வந்தது என்று உடனே புரிந்துவிடும். பின் மட்கார்டு கதவைத் தாண்டியதும் ஒரு வளைவு எடுத்து மேலேறி, டிக்கி ஓரத்தில் கூர்மையாக முடிகிறது. அந்தக் கோட்டின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்க்காத நாள் எனக்கு இல்லை.

எனக்குக் கிடைத்தபோது அது ஒரு பண்ணைக் கொட்டகையில் பல வருஷமாக நின்றிருந்தது. நாலு டயரும் தரையோடு படுத்திருந்தன, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூடு, டிக்கிக்குள் இருக்கிற பெட்ரோல் டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாடை. இதற்கெல்லாம் நான் கவலைப்படவில்லை. நான் பார்த்தது ஒரே இடத்தைத்தான்: முன்சக்கர வளைவுக்குள் ஷாக் அப்சர்பரும் சுருள் ஸ்பிரிங்கும் மேலே போய்த் தாங்குகிற அந்த டவர். ஸ்பைடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. சக்கரம் வாரி அடிக்கிற உப்புச் சேறு அந்தப் பெட்டித் தகரங்களின் மடிப்பில் போய்த் தங்கும், உள்ளேயிருந்து அரிக்கும், வெளியே தார்ப்பூச்சு ஒழுங்காகத் தெரியும். மிச்சிகனில் குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். ஒரு டார்ச்சும் பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். தார்ப்பூச்சு மேல் நுனியை வைத்து நன்றாக அழுத்துங்கள், தகரம் டங் என்று எதிர்த்தால் சரி, மொறமொறவென்று உள்ளே இறங்கினால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். அப்புறம் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில், கீழ்க் கைகள் மாட்டுகிற போல்ட்டைச் சுற்றி, விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்க வேண்டும். என் வண்டியில் வலது டவர் நன்றாக இருந்தது, இடதில் கீழ் ஓரம் மட்டும் போயிருந்தது. சட்டத்தில் விரிசல் இல்லை. அது போதும் என்று வாங்கிவிட்டேன்.

சோவியத் யூனியனுக்கு ஃபியட் கார்த் தொழிற்சாலை கட்டிக் கொடுத்ததற்கு ஈடாக மட்டமான ரஷ்ய இரும்பு வந்தது, அதனால்தான் இத்தாலியக் கார்கள் இப்படித் துருப்பிடித்தன என்று ஒரு பேச்சு பல வருஷமாக உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெட்டிப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. மெல்லிய தகரம், மூடிய பெட்டிகளின் உள்பக்கம் பூச்சே இல்லை, தண்ணீர் வடிகிற துளைகள் சிறியவை, இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டிக்குள், அதாவது சில்லுக்குள், நீர் தேங்கி நிற்கும். எந்த நாட்டு இரும்பாக இருந்தாலும் இதைத் தாங்காது.

தகர வேலையில் எனக்கு இரண்டு கண்டிப்பு. முதலாவது, டவர் மாதிரி உயிர் காக்கிற இடத்தை நான் தொடமாட்டேன், அதைப் பழைய கார்களுக்கே வெல்டிங் செய்து பழகிய ஒருவரிடம் கொடுத்தேன். தரையையும் சில்லையும் நானே செய்தேன். இரண்டாவது, கூரை இல்லாத காரில் சில்லை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்காக இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். மேலே கூரை இல்லாததால் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் அந்தச் சில்கள்தான். முட்டில்லாமல் வெட்டினால் கூடு நடுவில் மில்லிமீட்டர் கணக்கில் தொய்யும், அதே நிலையில் புதுத் தகரத்தை வைத்து ஒட்டிவிட்டால் அப்புறம் கதவு ஒருநாளும் சரியாக மூடாது. வெட்டும் முன்னும் பின்னும் கதவைச் சுற்றி இருக்கிற இடைவெளியை அளந்து சுவரில் எழுதி வைத்துக்கொண்டேன். வெல்டிங்கில் அவசரமே கூடாது. இங்கே ஒரு புள்ளி, ஒரு கை தள்ளி இன்னொரு புள்ளி, ஆறவிட்டுத் திரும்பி வந்து நடுவில் ஒன்று. ஒரே கோடாக இழுத்தால் அந்த மெல்லிய தகரம் சூட்டில் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். கடைசியில் எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் நீண்ட குழாய் வைத்து மெழுகு அடித்தேன். ஃபியட் அன்றே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அடுத்தது பிரேக். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும்தான் வரும், எனக்கும் வந்தது. ஆனால் நிற்கத் தெரியாத வண்டியை ஓட வைத்து என்ன செய்வது? 1966-லேயே இந்தக் காருக்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கொடுத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமையான விஷயம், அந்த விலைக் காருக்கு அது பெரிய காரியம். ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருஷக்கணக்கில் நின்றால் அந்த ஈரம், டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பருக்குள் பிஸ்டனைத் துருவால் ஒட்டிவிடும். முன்பக்கப் பிஸ்டன்களை எடுக்க நல்ல வழி கிரீஸ் கன்தான். ஆயில் குழாய் மாட்டுகிற துளையில் கிரீஸ் நிப்பிளைத் திருகி மெதுவாக அடித்தால், காற்றழுத்தம் மாதிரி வெடித்துத் தெறிக்காமல் பிஸ்டன் முனகிக்கொண்டே வெளியே வரும். பின்பக்கம் வேறு கதை. அங்கே ஹேண்ட்பிரேக்கும் அதே பிஸ்டனோடு சேர்ந்திருப்பதால் உள்ளே மரை இருக்கிறது, அதைத் திருகித்தான் எடுக்க வேண்டும், திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். சுத்தியலாலோ ஜி-கிளாம்ப் போட்டோ தள்ளினால் காலிப்பரே வீணாகிவிடும். ரப்பர் குழாய்களை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ஊதி அடைத்திருக்கும், பெடலை அழுத்தினால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது, சக்கரம் பிடித்தபடியே நின்று சூடாகும்.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். இந்தக் காரை நான் தேடி அலைந்ததே இதற்காகத்தான்.

இதை வடிவமைத்தவர் அவுரேலியோ லாம்ப்ரெடி. ஃபெராரியில் பெரிய வி12, அதாவது பன்னிரண்டு சிலிண்டர், எஞ்சின்களைச் செய்தவர். 1951-ல் சில்வர்ஸ்டோனில் ஃபெராரிக்கு ஃபார்முலா ஒன் உலகப் போட்டியில் முதல் வெற்றி கிடைத்தது அவருடைய எஞ்சினில்தான். அப்புறம் அவரே வி12-ஐ விட்டுவிட்டு, எளிமையான நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்தார், அதை வைத்துப் பந்தய ஓட்டுநர் அஸ்காரி 1952-லும் 1953-லும் உலகச் சாம்பியன் ஆனார். 1955-ல் லாம்ப்ரெடி ஃபியட்டுக்கு வந்துவிட்டார். பந்தயத்துக்கு எஞ்சின் செய்த கை, இனி சம்பளக்காரர்கள் வாங்குகிற காருக்கு எஞ்சின் செய்ய வேண்டும். 124-க்கு அவர் கொடுத்தது அலுமினிய ஹெட், அதன் மேல் வால்வுகளைத் திறக்கிற தண்டுகளான கேம்ஷாஃப்ட் இரண்டு, இரண்டையும் சுற்ற ரப்பர் பல்-பெல்ட் ஒன்று. இரட்டை கேம்ஷாஃப்ட் என்றால் அதுவரை பெரும்பாலும் சங்கிலிதான், விலையும் சத்தமும் அதிகம். பெல்ட் போட்டு அதைச் சாதாரண விலைக்குக் கொண்டுவந்தது இந்த எஞ்சின்தான். இதே குடும்பத்து எஞ்சின்தான் பின்னால் 131 அபார்த், லான்சியா 037, டெல்டா இன்டக்ராலே என்று போய் 1977-க்கும் 1992-க்கும் இடையில் உலக ராலிப் போட்டியில் 10 தயாரிப்பாளர் பட்டங்களை வாங்கிக் கொடுத்தது. என் கராஜில் எலிக்கூட்டுக்குக் கீழே இருந்தது அந்தப் பரம்பரையில் ஒன்று. 1756 சிசி.

நின்றுபோன எஞ்சினில் சாவியைத் திருப்பவே கூடாது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய எண்ணெய் விட்டு, ஊற விட்டேன். பிஸ்டன் வளையங்களுக்குள் எண்ணெய் இறங்க நேரம் எடுக்கும். அப்புறம் எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்கின் நட்டில் 38 மில்லிமீட்டர் சாக்கெட் போட்டு, நீண்ட கைப்பிடி வைத்துக் கையால் திருப்பினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் எண்ணெய், இன்னும் காத்திருப்பு. பிறகு ஒரு சாயங்காலம் கைப்பிடி ஒரு விரற்கடை அசைந்தது, அசைந்த இடத்திலிருந்து முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஒரு முழுச் சுற்று வந்தது. அந்த ஒரு சுற்றுக்காகக் காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். வண்டி ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். இந்த எஞ்சினில் பலருக்குத் தெரியாத ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெல்ட் இரண்டு கேம்ஷாஃப்ட்டை மட்டும் சுற்றுவதில்லை, கீழே ஒரு துணைத் தண்டையும் சுற்றுகிறது, ஆயில் பம்ப் ஓடுவது அதில்தான். அதில் பெட்ரோல் பம்பைத் தட்டுவதற்கு ஒரு மேடு உண்டு. மேலே கேம்ஷாஃப்ட்களின் இரண்டு குறியையும் அழகாகச் சேர்த்துவிட்டு இந்தத் தண்டை ஏனோதானோவென்று விட்டால், அந்த மேடு இரண்டாவது சிலிண்டரின் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடில் போய் இடிக்கும். பெல்ட் மாட்டியதும் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது அதற்காகத்தான். எங்கேயாவது தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், பலம் கொடுக்கக் கூடாது.

வெபர் கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைச் சுத்தம் செய்து புது கேஸ்கெட் போட்டேன், டேங்கை இறக்கி உள்ளே துருவை எடுத்துப் பூச்சுக் கொடுத்தேன். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை இருந்தால் போதும்.

எஞ்சின் உயிர் வந்த வாரம் மதுரையில் இருக்கிற சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப வருஷம் பிரீமியர் 118 என்.இ. வைத்திருந்தவர். அந்தக் கார் இந்த 124-ன் செடான் வடிவம்தான், பம்பாயில் 80-களின் நடுவிலிருந்து நிசான் எஞ்சின் போட்டுத் தயாரித்தார்கள். அதே 124 செடான்தான் ரஷ்யாவில் லாடா ஆனது. ஸ்பைடரும் அந்தக் குடும்பம்தான், சக்கர இடைவெளியை 2280 மில்லிமீட்டராகக் குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சித்தப்பா படத்தைப் பார்க்கவே இல்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "டேய், டேப்பட் சத்தம் கேக்குதுடா. இடைவெளி பாத்தியா?" என்றார். "இனிமேதான் பாக்கணும் சித்தப்பா" என்றேன். "சூடா இருக்கும்போது பாக்காத, ராத்திரி ஆறவிட்டுக் காலைல பாரு."

காலையில்தான் பார்த்தேன். லாம்ப்ரெடி இங்கே செய்துவைத்திருக்கிற வேலை எனக்கு ரொம்பப் பிடித்தமானது. இரட்டை கேம்ஷாஃப்ட் எஞ்சின்கள் பலவற்றில் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய கேம்ஷாஃப்ட்டையே கழற்ற வேண்டும். இங்கே அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிற வட்டத் தகடு, வால்வைத் தள்ளித் திறக்கிற டேப்பட்டின் உச்சியில், கேமுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. ஒரு சின்னக் கருவியால் டேப்பட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் ஓரத்தில் வெட்டியிருக்கிற பள்ளத்தில் காற்றை ஊதினால் தகடு துள்ளி வெளியே வந்துவிடும். மைக்ரோமீட்டரில் தடிமன் அளந்து, வேண்டிய தடிமனில் இன்னொன்றை வைத்தால் முடிந்தது. வீட்டில் வேலை செய்கிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த இன்ஜினியரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

வயரிங்குக்கு வந்தால், இத்தாலிய மின்சாரம் என்று இங்கே எல்லோரும் பயமுறுத்துவார்கள். பயம் வேண்டாம். பெரும்பாலான கோளாறு பச்சை பூத்த இணைப்புகளிலும் எர்த்திலும்தான். இந்தக் காலத்து ஃபியட்களில் தோட்டா வடிவ ஃப்யூஸ், அதன் இரண்டு நுனியையும் பிடிக்கிற பித்தளை இதழ்கள் கறுத்துப்போனால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு, சூட்டில் ஃப்யூஸ் பெட்டியின் பிளாஸ்டிக்கே உருகும். பித்தளை பிரஷ்ஷால் ஒவ்வொன்றையும் தேய்த்தேன், எஞ்சினிலிருந்து கூட்டுக்கு இன்னொரு எர்த் கம்பி கூடுதலாகப் போட்டேன். ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் சாவி சுவிட்ச் வழியாகப் போகிறது, அந்தச் சுமையைத் தான் ஏற்கிற தனி மின்சுவிட்சான ரிலே ஒன்றை வைத்தேன். வயரின் நிறத்தையோ பாதையையோ மாற்றவில்லை. எனக்கு முந்தைய ஓனர்கள் ரேடியோவுக்கும் அலாரத்துக்கும் குறுக்கே இழுத்து டேப் சுற்றி வைத்திருந்ததையெல்லாம் வெட்டி எடுத்ததும் பாதி மர்மம் தானாகவே தீர்ந்தது.

சீட், கார்ப்பெட், மரத்தகடு டேஷ்போர்டு எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிற சமாச்சாரம். கூரையை மட்டும் சொல்லியாக வேண்டும். பக்கத்துச் சின்னக் கண்ணாடிகளோடு சேர்த்து, சீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பலவற்றில் அதற்கு இறங்கி நின்று கம்பிகளோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஃபியட் என்றாலே இங்கே கேலிதான், அடிக்கடி கெட்டுப்போகிற கார் என்று. எனக்கு அது வருத்தம். வெளியேறும் புகையைக் குறைக்க வேண்டிய விதிகளுக்காக அமெரிக்காவுக்கு வந்த எஞ்சின்களில் கம்ப்ரெஷனைக் குறைத்து, குழாய்களும் வால்வுகளும் ஏற்றி அனுப்பினார்கள். அதே 1756 சிசி எஞ்சின் ஐரோப்பாவில் 118 குதிரைத்திறன் தந்தது, இங்கே அதைவிடக் குறைவு. 80-களின் ஆரம்பத்தில் ஃபியட் இந்தச் சந்தையை விட்டே போய்விட்டது, ஸ்பைடரை வேறொரு இறக்குமதியாளர் பினின்ஃபாரினா பெயரில் 1985 வரை விற்றார். அப்புறம் 2011 வரை இங்கே ஃபியட் கடையே இல்லை. பெல்ட் மாற்றத் தெரியாத கைகளிடம் இந்தக் கார்கள் மாட்டிக்கொண்டன, அறுந்ததும் கொட்டகைக்குப் போயின. குறை முழுக்கக் காரின் மேல் விழுந்தது. நிமிடத்துக்கு 6000 சுற்றுக்குப் பக்கத்தில் அந்த எஞ்சின் பாடுவதை ஒருமுறை கேட்ட யாரும் அப்புறம் அந்தக் கேலியைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது சனிக்கிழமை காலைகளில் ஏரிக்கரை ரோட்டில் ஓட்டுகிறேன். மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது ஒரு கரகரப்பு இருக்கிறது, கியர் உரசாமல் சேர உதவுகிற சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. உப்பு கொட்ட ஆரம்பித்ததும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி கியர்பாக்ஸை இறக்கப் போகிறேன். வளையங்கள் வாங்கி வைத்தாகிவிட்டது, கியர்பாக்ஸ் ஜாக்கியும் ஒரு நண்பர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குள் மற்றவை நன்றாக இருந்தால் வசந்தத்துக்குள் திரும்ப மாட்டிவிடலாம்.